ஓசூர் யந்திரமும் கடலூர்ச் சாலையும்

சுதேசிச் சரக்கு மலிவாய்க் கிடைக்கும், பழுதின்றி உழைக்கும், ஆனால் நேர்த்தியாய் இராது. நேர்த்தியும் வேகமும் வேண்டுமானால் அந்நிய நாட்டானைத்தான் நாடவேண்டும் என்றொரு அபிப்பிராயம் நமது ஜனங்களிடையே நெடுநாளாக ஊறிக் கிடக்கிறது. இந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரமே கிடையாது என்று நாம் சொல்லமாட்டோம். கடைத்தெருவில் காசு கொடுத்து அனுபவப்பட்டவன் சொல்வதைத் தேசபக்தி ஒன்றை மட்டும் கொண்டு மறுத்துவிட முடியாது. மறுப்பதானால் யந்திரத்தைக் கொண்டுதான் மறுக்கவேண்டும். தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில், மைசூர் எல்லையை ஒட்டியுள்ள ஓசூரில் தயாராகும் ஒரு மோட்டார் சைக்கிள் சில வருஷங்களாக இந்தக் காரியத்தைச் செய்து வருகிறது. டி.வி.எஸ். கம்பெனியாரின் அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்பது அதன் பெயர். சுதேசி யந்திரத்துக்கு அமெரிக்காவின் ஆதிக்குடி ஒன்றின் பெயரை ஏன் இரவல் வாங்கினார்கள் என்பது கம்பெனியாருக்கே வெளிச்சம். பெயர் எதுவாயினும் சரக்கு நம்முடையது.

இதைப்பற்றி நாம் எழுதப் புகுந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இந்த யந்திரம் உருவான வரலாறு நமது தொழில் வளர்ச்சியில் அக்கறையுள்ள எவரும் அறியத்தக்கது. மற்றொன்று, கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி. முட்லூர் வழியாகச் சிதம்பரம் செல்லும் சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போகிறவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அதைப் பின்னால் சொல்லுவோம்.

சிதம்பரத்துக்குப் போகும் வழியில் கிழக்கே திரும்பினால் வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. இன்று அங்கே இறங்கி, இந்த ஊரில் இரும்பாலை இருந்ததா என்று கேட்டால் பெரியவர்கள் சிலர் தலையசைப்பார்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் 1830-ம் வருஷத்தில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தை விட்டுவிட்டு, சேலத்து மலைகளின் இரும்புத் தாதுவைக் கொண்டு வந்து மரக்கரியில் உருக்க இங்கேதான் உலை கட்டினார். நவீன முறையில் பெரிய அளவில் இரும்பு உருக்க இந்தியாவில் முதன்முதலாக எடுக்கப்பட்ட முயற்சிகளில் இது ஒன்று. உருகிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. அங்கே ஷெபீல்டு பட்டணத்தில் அது எஃகாயிற்று, கத்தியாயிற்று, கருவியாயிற்று. ஹீத் துரைக்கும் லாபம் நிற்கவில்லை. எஃகு வார்ப்பில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839-ல் அவர் உரிமைப் பட்டயம் பெற்றார். ஷெபீல்டு முதலாளிகள் அதற்குச் சுற்றுவழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். வழக்குமேல் வழக்காக நடந்தது. 1851-ல் அவர் இறந்த பிறகும் அந்த வியாச்சியம் பிரபுக்கள் சபை வரையில் போயிற்று. எமது தொழிலில் உள்ளவர்கள் படிக்கவேண்டிய வழக்கு அது. பரங்கிப்பேட்டை உலையோ அந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அணைந்து போயிற்று.

தாது நம்முடையது, விறகு நம்முடையது, வியர்வையும் நம்முடையது, வித்தை மட்டும் வேறொருவனுடையது. வித்தை யாரிடம் இருக்கிறதோ அவனிடமே லாபமும் பெயரும் போய்ச் சேரும். ஓசூரின் கதையில் நாம் கவனிக்கவேண்டியதும் இந்த ஒரு கேள்விதான்: வித்தை யார் கையில் இருக்கிறது? ஓசூர் தாலுகா 1965 வரையில் பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது என்பதையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

திருக்குறுங்குடி சுந்தரம் ஐயங்கார் பஸ் ஓட்டத் தொடங்கி வளர்த்த ஸ்தாபனத்தின் கிளையொன்று 1980-ல் ஓசூரில் டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டியைச் செய்து விற்கலாயிற்று. கடலூர்த் துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி சுமந்து கிராமங்களுக்குப் போன வண்டியும், பண்ருட்டிப் பலாப்பழத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்த வண்டியும், பால்காரரின் கேன் தொங்கிய வண்டியும் அதுவும் அதன் வாரிசுகளுமே. அதில் வேகமும் இல்லை, சிங்காரமும் இல்லை. ஆனால் லக்ஷக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு அது மாட்டுவண்டியாகவும் கடையாகவும் இருந்தது. பந்தய வண்டியைப் புகழ வந்த இடத்தில் இதை மறந்துவிடுவது நன்றிகெட்ட செயலாகும்.

1982-ல் இக்கம்பெனியார் ஜப்பானின் சுஸுகியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1984-ல் 100 சி.சி. மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தார்கள். தங்கள் பந்தயப் பிரிவுக்கும் 1982-யே ஆரம்ப வருஷமாகக் கம்பெனியார் குறிப்பிடுகிறார்கள். சுஸுகியிடம் கற்றோம் என்று சொல்வதில் நமக்கு வெட்கம் வேண்டியதில்லை. சுஸுகி யாரிடம் கற்றது என்று கேட்டால் அது இன்னும் ரசமான கதை. கிழக்கு ஜெர்மனியில் ட்ஷோபாவ் என்ற சிற்றூரில் எம்.இசட். தொழிற்சாலையின் வால்ட்டர் காடன் என்ற பொறியியலார், இரட்டை வீச்சு இஞ்சினின் புகைக்குழலை ஒரு விசேஷ வடிவத்தில் அமைத்து, வெளியேறும் புகையின் அலையையே திரும்பவும் உள்ளே தள்ளும் துருத்தியாக்கினார். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், 1961-ல் ஸ்வீடன் பந்தயத்துக்குச் சென்றவர் திரும்பாமலே மேற்கு நாடுகளுக்குத் தப்பி, அந்த ரகசியங்களோடு சுஸுகியிடம் போய்ச் சேர்ந்தார். மறு வருஷமே 50 சி.சி. உலகப் பட்டத்தைச் சுஸுகி வண்டியில் வென்றார். வித்தை என்பது இப்படியெல்லாம் கைமாறித்தான் உலகத்தில் பரவியிருக்கிறது. பிறரிடம் கற்பது இழிவாகாது. முப்பது வருஷம் கழித்தும் அதே பாடத்தையே ஒப்பித்துக்கொண்டிருப்பதே இழிவு.

2001-ல் சுஸுகி விலகிக்கொண்டது. அப்பொழுது பலரும் என்ன சொன்னார்கள்? ஜப்பானியன் போய்விட்டான், இனி ஓசூரில் பூட்டுத்தான் தொங்கும் என்றார்கள். அந்த வருஷத்திலேயே கம்பெனியார் விக்டர் என்ற நான்கு வீச்சு வண்டியைத் தாங்களே வகுத்துச் செய்து சந்தைக்கு அனுப்பினார்கள். 2006-ல் அப்பாச்சி என்ற பெயரில் 150 சி.சி. வண்டி வந்தது. அடுத்த வருஷம் 160 சி.சி., 2009-ல் 180 சி.சி., 2016-ல் நான்கு வால்வுகளுடன் 200 சி.சி. என்று அந்தக் குடும்பம் வளர்ந்தது. 2011-ல் 180 சி.சி. வண்டிக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக் அமைப்பைச் சேர்த்தார்கள். இந்தியக் கம்பெனி ஒன்றின் மோட்டார் சைக்கிளில் அந்த அமைப்பு வந்தது அதுவே முதல் தடவை. வேகத்தை விளம்பரம் செய்வது எளிது; நிறுத்தும் வித்தைக்குப் பணம் செலவிடுவது அரிது. ஆகையால் இதைத் தனியே குறிப்பிடுகிறோம்.

2013-ம் வருஷம் ஏப்ரலில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் பிரிவாரோடு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. 500 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளை இரு சாராரும் சேர்ந்து உருவாக்குவது, ஓசூரில் செய்வது, அவரவர் பெயரில் அவரவர் விற்பது என்பது ஏற்பாடு. இங்கே நேயர்கள் நியாயமாகவே ஒரு சந்தேகம் எழுப்பலாம். ஜெர்மானியர் மூளை, நமது கை என்றுதானே இதற்கு அர்த்தம்? பரங்கிப்பேட்டைக் கதையே மறுபடியும் நடக்கிறதல்லவா? இஞ்சினில் ஜெர்மானியருடைய பங்கு பெரிது என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் பி.எம்.டபிள்யூ. முதலில் வெளியிட்டது முகமூடியில்லாத வீதி வண்டி. அந்த இஞ்சினை வைத்துக்கொண்டு, காற்றைக் கிழித்துச் செல்லும் முழு மூடியுடன் பந்தய வண்டியின் சாயலில் ஒன்றை வகுத்தவர்கள் ஓசூர்க்காரர்களே. 2016 பிப்ரவரியில் டில்லிக்கருகே நடந்த மோட்டார் கண்காட்சியில் அதன் மாதிரியை அகுலா என்ற பெயரில் காட்டினார்கள். ருஷிய பாஷையில் சுறாமீன் என்று பொருள். சுறா, சுறா என்று நாமெல்லாம் அழகாய்ச் சொல்லிக்கொண்டிருக்க, ருஷிய பாஷைக்கு ஏன் போனார்களோ! 2017 டிசம்பர் 6-ந் தேதி சென்னையில் வண்டி வெளியாயிற்று. விலை 2 லக்ஷத்து 5 ஆயிரம் ரூபாய்.

இனி யந்திரத்தைச் சற்றுத் திறந்து பார்ப்போம். சிலிண்டர் ஒன்றே, அதன் கொள்ளளவு 312 சி.சி. நமது பழைய அளவையில் சொன்னால் ஓர் உழக்குக்கும் சற்றுக் குறைவு. இந்த உழக்குக்குள் எரியும் பெட்ரோலும் காற்றும் 34 குதிரைச் சக்தியைத் தந்தன. அந்தச் சக்தி கிடைப்பது கிராங்கு நிமிஷத்துக்கு 9,700 தடவை சுற்றும்போது. அதாவது ஒரு வினாடிக்கு நூற்றறுபது தடவைக்கு மேல். சிலிண்டரின் விட்டம் 80 மில்லி மீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 62.1 மில்லி மீட்டர்தான். அகலமாய் வைத்து வீச்சைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. வீச்சு நீண்டால் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிக தூரம் ஓடவேண்டும். ஓரளவுக்கு மேல் உலோகம் தாங்காது. இந்தக் குட்டை வீச்சிலேயே முழு வேகத்தில் பிஸ்டன் சராசரி வினாடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. ஒரு வினாடிக்குள் முந்நூறு தடவைக்கு மேல் நின்று, திரும்பி, மறுபடி ஓடுகிறது என்பதையும் சேர்த்து எண்ணினால் ஓசூர்ப் பட்டறையின் வார்ப்பும் கடைசலும் எத்தகையவை என்று விளங்கும். மயிரிழை தவறினாலும் அந்தச் சிலிண்டர் சிதறிப் போகும்.

இதைவிட வினோதமான அம்சம் ஒன்று இருக்கிறது. சாதாரண மோட்டார் சைக்கிளில் சிலிண்டர் முன்புறம் சாய்ந்திருக்கும். காற்று பின்னால் நுழையும், புகை முன்னால் வெளியேறி வளைந்து பின்னே வரும். இதில் எல்லாம் தலைகீழ். சிலிண்டர் பின்புறம் சாய்ந்திருக்கிறது. காற்று முன்னால் நேரே நுழைகிறது, புகை பின்னால் நேரே போகிறது. இதனால் என்ன லாபம்? இஞ்சினின் கனமான அடிப்பாகத்தை முன்சக்கரத்தின் பக்கம் தள்ளி வைக்கலாம். அப்படித் தள்ளிவிட்டால் பின்சக்கரத்தைத் தாங்கும் கையை நீளமாய் வைத்துக்கொண்டே வண்டியின் மொத்த நீளத்தைக் குறைக்கலாம். இரு அச்சுக்களுக்கும் இடையே உள்ள தூரம் 1,365 மில்லி மீட்டர்தான். வண்டி குட்டையானால் வளைவில் சுலபமாய்த் திரும்பும். பின்கை நீண்டால் வளைவிலிருந்து வெளியேறிச் சக்தியைத் திறக்கும்போது குதிக்காது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்றே வண்டி கட்டுகிறவர்கள் நினைப்பது வழக்கம். தச்சு வேலை தெரிந்த எவரும் இந்த யுக்தியைப் பார்த்தால் மெச்சுவார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆஸ்திரிய நாட்டுக் கே.டி.எம். கம்பெனியின் பெயரில் புனாவுக்கருகே பஜாஜ் கம்பெனியார் செய்துவந்த போட்டி வண்டி 373 சி.சி.யில் 43 குதிரைச் சக்தி தந்தது. நம்முடையது அதற்கு ஒன்பது குதிரை குறைவு. முதலில் வாங்கியவர்கள், இஞ்சின் வேகம் பிடித்ததும் கைப்பிடியும் கால்மிதியும் அதிர்கின்றன என்று முறையிட்டார்கள். கம்பெனியார் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. 2019-ல் வேகமாய்க் கியர் இறக்கினாலும் பின்சக்கரம் துள்ளாதபடி தடுக்கும் புதுவிதக் கிளச்சைச் சேர்த்தார்கள். 2020-ல் புகைக் கட்டுப்பாடு கடுமையானபோது அதையே ஒரு சந்தர்ப்பமாக்கிக்கொண்டு, மழை, நகரம், விளையாட்டு, பந்தயம் என்று நான்கு விதமாய் இஞ்சினின் குணத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 2024-ல் காற்று புகும் வழியை விசாலமாக்கி, பிஸ்டனின் கனத்தைக் குறைத்து, கொள்ளளவை ஒரு சி.சி. கூடக் கூட்டாமலே 38 குதிரைச் சக்தியாக உயர்த்தினார்கள். வண்டியின் இரு பக்கத்திலும் முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்தும் சிறு சிறகுகளும் முளைத்தன. வித்தை யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு இந்த ஏழு வருஷத் திருத்தங்களைவிட நல்ல சாக்ஷியம் வேண்டியதில்லை. கடன் வாங்கிய வித்தையை வைத்துக்கொண்டு ஒருவன் வண்டியைக் கட்டிவிடலாம். அதைத் திருத்துவதற்குச் சொந்த வித்தை வேண்டும்.

இத்திருத்தங்களில் பல பந்தயக் களத்திலேதான் பிறந்தன. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாவது உலக யுத்த காலத்து விமானத் தளம் ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. 1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் அதைப் பந்தயக் களமாக்கிக்கொண்டார்கள். வைக்கோல் கட்டுகளையும் பீப்பாய்களையும் எல்லையாக வைத்து நடந்த அந்தப் பந்தயங்களைப் பார்க்கப் பட்டணமே திரண்டது. பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோ மீட்டர் நீளமுள்ள நிரந்தரக் களம் அமைந்தது. கோயமுத்தூரில் 2003-ல், விமான விபத்தில் மாண்ட கரிவரதன் நினைவாக மற்றொன்று ஏற்பட்டது. இந்த இரண்டு களங்களும் இல்லையேல் இன்று நாம் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். சென்னை வாலிபர் ஜெகன் குமார் போன்றவர்கள் டி.வி.எஸ். வண்டிகளில் தேசியப் பட்டங்களைப் பல முறை வென்றது இக்களங்களில்தான்.

2022 முதல் இன்னொரு படி ஏறியிருக்கிறது. ஆசிய ரோடு பந்தயத் தொடரின் ஓர் அங்கமாக, மலேயா, ஜப்பான், சயாம் முதலிய நாடுகளின் களங்களில், பல தேசத்து வாலிபர்களும் ஒரே மாதிரியான ஆர்.ஆர். 310 வண்டிகளில் ஓடும் போட்டி ஆரம்பமாயிற்று. வீதியில் 160 கிலோ மீட்டர் ஓடும் வண்டி அங்கே பந்தயத்துக்காகச் சீர்செய்யப்பட்டு 200-ஐத் தாண்டி ஓடுகிறது. ஜப்பானிய வாலிபன் ஒருவன் ஜப்பானியக் களத்தில் ஓசூர் வண்டியில் ஏறி ஓடுவது நமது தகப்பனார் காலத்தில் யாரும் கனவிலும் கண்டிராத காட்சி.

ஆனால் வக்கீல் புத்தி சும்மா இருப்பதில்லை. எல்லோரும் ஒரே வண்டியில் ஓடினால், ஜெயிப்பது யாராயினும் ஜெயிக்கும் வண்டி அதுதானே? இது வீரர்களுக்குப் பரீக்ஷையே ஒழிய வண்டிக்குப் பரீக்ஷையாகாது. ஹோண்டாவின் கதையைப் பாருங்கள். ஸோய்ச்சிரோ ஹோண்டா 1954-ல், மான் தீவுப் பந்தயத்துக்கு வருவேன் என்று சபதம் செய்தார். போய்ச் சேர ஐந்து வருஷமாயிற்று. 1959-ல் போட்டியிட்டு அணிப் பரிசோடு திரும்பினார். 1961-ல் 125 சி.சி., 250 சி.சி. இரண்டிலும் உலகப் பட்டம். ஐரோப்பியருடைய வண்டிகளோடு ஐரோப்பியர் வகுத்த களத்தில் மோதி வாங்கிய பட்டம் அது. அப்படிப்பட்ட வெற்றியை ஓசூர் வண்டி ஆசியக் களத்தில் இனிமேல்தான் பெறவேண்டும். ஜப்பானிய வண்டிகள் அணிவகுக்கும் வகுப்பில் நம்முடையதும் இறங்கி மோதட்டும், தோற்றாலும் பாதகமில்லை. இதைச் சொல்வதனால் நாம் இதுவரை கிடைத்ததைக் குறைத்து மதிப்பதாக எவரும் எண்ண வேண்டாம்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்றும் உண்டு. மஹிந்திரா கம்பெனியின் பெயர் தாங்கிய வண்டி, 2016-ல் ஹாலந்தின் அஸ்ஸன் களத்தில், மோட்டோ 3 என்ற உலகப் பந்தய வகுப்பில், இத்தாலிய வாலிபர் பாக்னையாவின் கையில் முதலாவதாக வந்தது. கொடி நம்முடையது. ஆனால் வண்டியை வகுத்ததும் கட்டியதும் பெரும்பாலும் ஐரோப்பாவில். 2017 முடிவில் கம்பெனியார் அந்தப் பந்தயத்திலிருந்து விலகியபோது, உள்நாட்டுப் பட்டறையில் எஞ்சி நின்றது என்ன? உலக வெற்றியும் உள்ளூர் வித்தையும் சேர்ந்து வருவதே நாம் வேண்டுவது. ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ளலாம் என்றால் நாம் வித்தையைத்தான் தேர்ந்துகொள்வோம். வெற்றி அதன் பின்னால் வரும்.

2022 ஜூலையில் ஒரு வேடிக்கை நடந்தது. பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் ஓசூர்க்காரர்கள் வகுத்த இதே வண்டிக்கு வேறு வர்ணம் பூசி, தங்கள் முத்திரையைக் குத்தி, ஜி 310 ஆர்.ஆர். என்று பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் ஒருவன், சட்டை இரண்டு. முத்திரைக்கு அதிக விலை கொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள்! இதற்கு இரண்டு வருஷம் முன்னதாக, 2020 ஏப்ரலில், கடனில் மூழ்கிய இங்கிலாந்தின் நார்ட்டன் கம்பெனியை டி.வி.எஸ். காரர்கள் 1 கோடியே 60 லக்ஷம் பவுனுக்கு வாங்கிவிட்டார்கள். 1907-ல் நடந்த முதல் மான் தீவுப் பந்தயத்தில் இரட்டைச் சிலிண்டர் வகுப்பில் ஜெயித்த கம்பெனி நார்ட்டன். பரங்கிப்பேட்டையிலிருந்து இரும்பு கப்பலேறிய நாட்டிலிருந்து இப்பொழுது பத்திரம் ஓசூருக்கு வருகிறது. மணல் வெளிப் பந்தயங்களிலும், பிரெஞ்சு தேசத்து ஷெர்க்கோவுடன் சேர்ந்து ஓடும் அணியில், கேரளத்து ஹரித் நோவா 2024 டக்கார் பந்தயத்தில் தம் வகுப்பில் முதலாவதாகவும் மொத்தத்தில் 11-வதாகவும் வந்தார். 2019-ல் உலகப் பெண்கள் கோப்பையை வென்ற பெங்களூர் ஐஸ்வர்யா பிஸ்ஸேயும் டி.வி.எஸ். பந்தயப் பிரிவில் வளர்ந்தவர்.

இனி நமது சாலைக்கு வருவோம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோ மீட்டர். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் முக்கால் மணி; 160-ல் போனால், இடையில் ஒன்றும் குறுக்கிடாவிட்டால், 17 நிமிஷம். மிச்சமாவது 28 நிமிஷம். அந்த 28 நிமிஷத்தைக் கொண்டு நமது வாலிபர்கள் சிதம்பரத்தில் சாதிக்கும் காரியம் யாதெனில், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவது. 160 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் 44 மீட்டர் ஓடுகிறது. எதிரே ஆடு ஒன்று குறுக்கிடுவதைக் கண்டு மூளை கைக்குச் சொல்வதற்கே ஒரு வினாடி ஆகிறது. அதன்பிறகு, உலர்ந்த சாலையும் புது டயரும் உயர்ந்த பிரேக்கும் இருந்தாலும், நிற்பதற்கு இன்னும் 120 மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. பந்தயக் களத்தில் ஆடு கிடையாது. சம்பா அறுப்பில் சாலையோரம் காயப்போட்ட நெல் கிடையாது. பாட்டியின் கையை உதறிவிட்டு ஓடும் குழந்தை கிடையாது. விளக்கில்லாமல் வரும் கரும்பு வண்டி கிடையாது. விழுந்தவனைத் தாங்க மணற்படுகை உண்டு. தூக்க வைத்தியர் தயாராய் நிற்கிறார். இங்கே விழுந்தவனுக்கு இருப்பது புளியமரம்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2018-ம் வருஷத்து மத்திய சர்க்கார் அறிவிப்பின்படி, நால்வழிச் சாலையில்கூட மோட்டார் சைக்கிளுக்கு 80 கிலோ மீட்டர்தான் உச்சம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு, பொதுச் சாலையில் பந்தயம் ஓடுவதற்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. மறுமுறை பிடிபட்டால் சிறை ஒரு வருஷம் வரை போகலாம். அதே திருத்தத்தில் சேர்ந்த 199-ஏ பிரிவைப் பெற்றோர்கள் கட்டாயம் படிக்கவேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், தகப்பனாரோ வண்டியின் சொந்தக்காரரோ மூன்று வருஷம் வரை சிறை செல்லவும், 25,000 ரூபாய் அபராதம் கட்டவும் நேரிடும். எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்பதை நிரூபிக்கும் பாரமும் அவர்மேலேயே இருக்கிறது. மஞ்சக்குப்பம் கோர்ட்டு வாசலில் அந்தத் தகப்பனார்களோடு நிற்கும் தொழில் நமக்குப் பழக்கமானதுதான். அதை நாம் விரும்பவில்லை.

ஆனால் போலீசாரை ஏவுவது மட்டும் போதும் என்று நாம் கருதவில்லை. வேகத்தில் ஆசை வைப்பது வாலிபத்தின் இயல்பு. ஓசூரில் அவ்வளவு நுட்பமாய் வண்டியைக் கட்டி, விளம்பரத்தில் பந்தயக் களத்தைக் காட்டி விற்றுவிட்டு, அதை ஓட்டிப் பார்க்க இடம் மட்டும் தராமல் இருந்தால், அவன் புதுச்சத்திரம் வளைவில்தான் ஓட்டிப் பார்ப்பான். கடலூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை நூற்றைம்பது கிலோ மீட்டருக்கு மேல். போய் வருவதற்கும், தோல் உடைக்கும், கட்டணத்துக்கும் செலவழிக்க எத்தனை வீட்டுப் பிள்ளைகளால் முடியும்? நமது பழைய தென்னார்க்காடு ஜில்லாவிலேயே, உளுந்தூர்ப்பேட்டைக்கருகே, சோழவரத்தைப்போலவே இரண்டாவது உலக யுத்த காலத்து விமானத் தளம் ஒன்று உண்டு. அங்கே என்ன வரவேண்டும் என்பது சர்க்கார் தீர்மானிக்கவேண்டிய பெரிய விஷயம். எது வந்தாலும் வரட்டும். அது வரும்வரையில், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, வைக்கோல் கட்டும், ஒரு வைத்தியரும், ஒரு ஆம்புலன்ஸும், தேர்ந்த பயிற்சியாளர் ஒருவருமாக, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி ஜில்லாக்களின் வாலிபர்களுக்கு அந்த ஓடுபாதையைத் திறந்துவிட முடியாதா? சோழவரத்தில் நமக்கு முந்திய தலைமுறையார் இதைவிடக் குறைந்த வசதியோடு செய்து காட்டினார்கள்.

செலவை யார் ஏற்பது என்று கேட்பார்கள். வண்டி விற்கும் கம்பெனிகள் ஏற்கட்டும். டி.வி.எஸ். காரர்கள் தங்கள் வண்டி வாங்கியவர்களுக்காகப் பந்தயக் களத்துப் பயிற்சிகளை நடத்தி வந்திருக்கிறார்கள். அதையே இன்னும் விரிவாக, ஜில்லா ஊர்களுக்குக் கொண்டுவருமாறு கேட்கிறோம். மற்றக் கம்பெனிகளும் சேரலாம். சிதம்பரம் அண்ணாமலை சர்வகலாசாலையின் பொறியியல் பகுதியார் 1945 முதல் மாணாக்கர்களைத் தயார் செய்துவருகிறார்கள். ஓடுபாதையின் அளவு, தடுப்பு, வளைவு எல்லாவற்றையும் மாணாக்கர்களைக் கொண்டே கணக்கிட்டு ஒரு திட்டம் வரைந்து தரும்படி அவர்களையும் கேட்டுக்கொள்ளுகிறோம். ஜில்லா கலெக்டர்கள் மூவருக்கும் இது சம்பந்தமாக விண்ணப்பம் ஒன்று தயாராகிறது. கையெழுத்திட விரும்பும் நேயர்கள், வண்டி வைத்திருப்பவர்களானாலும் சரி, வண்டிச் சத்தத்தைக் கேட்டு விடியற்காலையில் விழித்துக்கொள்ளுகிறவர்களானாலும் சரி, நமது காரியாலயத்துக்கு எழுதலாம்.